விளையாட்டு கேள்வி-பதில்: புட்டரை எறியப் பழகுங்கள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டிஸ்க் கோல்ஃப் பற்றியவை. அதிலும் புட்டர், மிட்ரேஞ்ச் போன்ற மெதுவான டிஸ்க்குகளை எப்படிப் பிடிப்பது, எப்படி எறிவது என்பதே பலரின் சந்தேகம். விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை: கோல்ஃபில் பந்தும் குழியும் இருப்பதுபோல, இதில் டிஸ்க்கும் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையும் உண்டு. குறைந்த எறிகளில் டிஸ்க்கைக் கூடையில் சேர்ப்பவருக்கே வெற்றி. தூரமாக எறிவதற்கான வேகமான டிஸ்க்கை டிரைவர் என்பார்கள், நடுத்தர தூரத்துக்கானது மிட்ரேஞ்ச், கூடைக்கு அருகில் போடுவதற்கானது புட்டர். கீழே உள்ள பதில்கள் வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதியவை. இடது கைக்காரர்கள் திசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வேகம் 12 என்று அச்சிட்ட டிரைவர் வைத்திருக்கிறேன். எவ்வளவு வேகமாக எறிந்தாலும் 50 மீட்டருக்குள் இடப்பக்கம் வளைந்து விழுந்துவிடுகிறது. புட்டரில் பழகச் சொல்கிறார்கள். மெதுவான டிஸ்க்கை எறிந்தால் தூரம் எப்படிக் கூடும்?
– கல்லூரி மாணவர், ஒத்தக்கடை

டிஸ்க்கின் மேல் இருக்கும் நான்கு எண்களில் முதலாவது வேகம், இரண்டாவது மிதப்பு, மூன்றாவது வலப்பக்கத் திருப்பம், நான்காவது கடைசியில் வரும் இடப்பக்கச் சரிவு. வேகம் 12 என்றால் அந்த டிஸ்க் வேகமாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது டிஸ்க் உங்கள் கையிடம் கேட்கும் வேகம். அந்த வேகம் கையில் இல்லாவிட்டால் மூன்றாவது எண் வேலையே செய்யாது. நான்காவது எண் மட்டும் எறிந்த கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும். உங்கள் டிரைவர் இடப்பக்கம் சாய்வது இதனால்தான்.

புட்டரின் வேகம் 2 அல்லது 3, மிட்ரேஞ்சின் வேகம் 4 அல்லது 5. இன்னோவா நிறுவனத்தின் ‘அவியார்’ புட்டரின் எண்கள் 2, 3, 0, 1. டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் ‘பஸ்’ (Buzzz) மிட்ரேஞ்சின் எண்கள் 5, 4, -1, 1. சாதாரணக் கை வேகத்திலேயே இவை நேராகப் போகும். கோணலாகப் போனால் கோளாறு எறிந்தவரிடம் இருக்கிறது என்று பொருள். டிரைவர் கோணலாகப் போகும்போது காரணம் டிஸ்க்கா, பிடியா, கை போன பாதையா என்று பிரித்தறிய முடியாது. புட்டரில் அந்தக் குழப்பம் இல்லை. அதனால்தான் அது நல்ல ஆசிரியர்.

புட்டரை 60 மீட்டர் நேராக எறிய வந்த பிறகு வேகம் 7 உள்ள டிஸ்க்கைக் கையில் எடுங்கள் என்பது எங்கள் கருத்து. 12-ஐ அதுவரை அலமாரியில் வையுங்கள்.

டிரைவரை நான்கு விரலையும் மடக்கி இறுக்கிப் பிடிக்கிறேன், சரியாக வருகிறது. அதே பிடியில் புட்டர் ஒருமுறை வலப்பக்கம் ஓடுகிறது, மறுமுறை கையிலிருந்து நழுவி இடப்பக்கம் போகிறது. ஏன்?
– திருமங்கலம் வாசகர்

விளிம்பின் அகலம்தான் காரணம். வேகமான டிரைவரின் விளிம்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். நான்கு விரல்களும் அதன் உள்சுவரில் வசதியாக உட்காரும். புட்டரின் விளிம்பு ஒரு சென்டிமீட்டரை ஒட்டியது. அங்கே நான்கு விரல்களையும் மடக்கினால் விரல்கள் ஒன்றையொன்று நெருக்கும், நகங்கள் அடிப்பக்கத்தில் குத்தும், உள்ளங்கைக்கும் விளிம்புக்கும் நடுவே சந்து விழும். இந்த நெருக்கத்தில் விரல்கள் ஒரு கணம் தாமதமாக விட்டால் டிஸ்க் வலப்பக்கம் போகும். சந்தினால் முன்கூட்டியே நழுவினால் இடப்பக்கம் போகும். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்.

மெதுவான டிஸ்க்குக்கு விரல்களைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். டிஸ்க்கை இடக்கையில் ஏந்தி, வலக்கையைக் கைகுலுக்குவதற்கு நீட்டுவதுபோல நீட்டுங்கள். ஆள்காட்டி விரலின் அடியில் தொடங்கி உள்ளங்கையின் குறுக்கே சாய்வாக ஓடும் மடிப்பில் விளிம்பு பதியட்டும். ஆள்காட்டி விரல் உள்சுவரைக் கொக்கிபோல் பற்றட்டும். நடுவிரலை மட்டும் டிஸ்க்கின் மையத்தை நோக்கி லேசாக விரித்து அடிப்பக்கத்தைத் தாங்குங்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்சுவரிலேயே இருக்கலாம். கட்டைவிரல் மேலே, விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உள்ளே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நேர் மேலே தட்டையாகப் படியட்டும். முழு எறிக்கு இந்தப் பிடி போதும். 30 மீட்டருக்குள் மெல்லக் கொண்டுபோய் வைக்கும் எறிக்கும், கூடைக்கு அருகில் நின்று டிஸ்க்கை உள்ளே போடுவதற்கும் (இதுதான் ‘புட்’) நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றையும் விசிறிபோல் விரித்துக்கொள்ளுங்கள். பலம் குறையும், ஆனால் டிஸ்க் கையில் ஆடாது.

சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டிஸ்க்கின் மறுமுனையை இடக்கையால் பற்றி, எறியும் திசையில் மெல்ல இழுங்கள். கடைசிவரை பிடித்திருப்பவை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இருக்க வேண்டும். அவற்றிலிருந்து டிஸ்க் ‘டக்’ என்று பிரிய வேண்டும். சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு பிரிந்தால் பிடி கையின் பின்பக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

இறுக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்க்கைப் பின்னால் கொண்டுபோகும்போது கோழிக்குஞ்சைப் பிடிக்கிற அளவு போதும். நெஞ்சைத் தாண்டி முன்னே வரும்போதுதான் இறுக்க வேண்டும். தொடக்கத்திலேயே இறுக்கினால் முன்கைத் தசை விறைத்து, மணிக்கட்டு கதவுக் கீல்போல விரியாமல் கட்டையாக நின்றுவிடும். உங்கள் கை சிறியதா? ஆழம் குறைந்த, விளிம்பின் அடியில் மணிபோன்ற புடைப்பு இல்லாத புட்டரைத் தேடுங்கள்.

மிட்ரேஞ்சை எறிந்தால் காற்றாடிபோல மேலே ஏறி, நின்று, என் பக்கமே திரும்பி விழுகிறது. தாழ்வாக எறிய நினைத்தாலும் ஏறிவிடுகிறது.
– கீழக்குயில்குடி வாசகர்

மூக்கு தூக்கிக்கொண்டு போகிறது. டிஸ்க்கின் முன்விளிம்பைத்தான் மூக்கு என்கிறோம். அது மேல்நோக்கி இருந்தால் அடிப்பக்கம் முழுவதும் காற்றைத் தாங்கும். டிஸ்க் ஏறும், வேகம் செத்துவிடும். எறிந்த டிஸ்க் தூரத்தில் போகும்போது கவனியுங்கள். மேல்முகம் வட்டமாகத் தெரிந்தால் மூக்கு தூக்கியிருக்கிறது. மெல்லிய கோடாகத் தெரிந்தால் சரி.

தாழ்வாக எறிய நினைப்பதால் இது தீராது. டிஸ்க் போகும் உயரம் வேறு, மூக்கின் கோணம் வேறு. கோணத்தை மணிக்கட்டில்தான் திருத்த வேண்டும். குளியல் மக்கின் கைப்பிடியைப் பிடித்து, முன்னால் இருக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக நினையுங்கள். மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகக் கீழே சாய்கிறதல்லவா? எறியத் தொடங்குவதற்கு முன்பே அந்தச் சாய்வை வைத்துக்கொண்டு கடைசிவரை அப்படியே விடுங்கள். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டை மேலே மடக்கினால் மூக்கு உடனே தூக்கிவிடும். விளிம்பு உள்ளங்கை மடிப்பில் பதியாமல் விரல்களில் மட்டும் தொங்கினாலும் இதே கதிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பலம் காட்ட நினைத்து உடம்பைப் பின்னால் சாய்த்து, இடுப்பிலிருந்து தோளுக்கு மேலே இழுப்பவர்கள் நிறைய. எடை முன்காலுக்கு வந்த பிறகே கை வேகமெடுக்க வேண்டும், டிஸ்க் நெஞ்சு உயரத்தில் தரைக்கு இணையாக வர வேண்டும். பயிற்சிக்கு, தலை உயரத்தைத் தாண்டாமல் 40 மீட்டர் போகும்படி எறியப் பாருங்கள். பக்கவாட்டில் ஒருவரை நிறுத்தி ஃபோனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

என் டிஸ்க் தள்ளாடிக்கொண்டே போகிறது.
– மேலூர் வாசகர்

பம்பரம் விட்டிருப்பீர்கள். சாட்டையை நன்றாக இழுத்தால் நிலைத்து நிற்கும். இழுப்பு குறைந்தால் தலையாட்டும். டிஸ்க்கும் அப்படித்தான், சுழற்சி போதாவிட்டால் ஆடும். ஆனால் பலரிடம் சுழற்சி இருந்தும் ஆடுகிறது. டிஸ்க் சாய்ந்திருக்கும் தளமும் கை வீசும் தளமும் ஒன்றாக இல்லாததே அதற்குக் காரணம். டிஸ்க்கை இடப்பக்கம் சாய்த்து எறிய விரும்பினால் மணிக்கட்டை மட்டும் திருகாதீர்கள். இடுப்பிலிருந்து முன்னே குனிந்து, தோள், கை, டிஸ்க் மூன்றும் ஒரே சாய்வில் வரும்படி வீசுங்கள்.

தூரம் 35 மீட்டரோடு நின்றுவிட்டது. ஓடிவந்து எறிந்தும் கூடவில்லை.
– ஆனையூர் வாசகர்

ஓடுவதை நிறுத்துங்கள். நின்ற இடத்தில் எறிந்து 45 மீட்டர் வந்த பிறகு ஓடிவரலாம். பெரும்பாலும் கை நெஞ்சைச் சுற்றி வளைந்து வருவதே இந்தத் தேக்கத்துக்குக் காரணம். முழங்கை உடம்போடு ஒட்டிவிட்டால் டிஸ்க் வட்டமடித்து வந்து, பலமில்லாமல் கழலும்.

இலக்குக்கு வலத்தோளைக் காட்டி நில்லுங்கள். கால்களுக்கு நடுவே தோளகலத்தைவிடச் சற்று அதிக இடைவெளி இருக்கட்டும். தோள்களைத் திருப்பி டிஸ்க்கைப் பின்னால் நேராக நீட்டுங்கள். முதலில் முன்காலை ஊன்றுங்கள், அடுத்து இடுப்பு திரும்பட்டும், அதன் பிறகே முழங்கை முன்னே போகட்டும். மேற்கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கால்பந்து அளவு இடம் கடைசிவரை இருக்க வேண்டும். டிஸ்க் வலப்பக்க நெஞ்சுக்கு வரும்போது முழங்கை ஏற்கனவே இலக்கை நோக்கி இருக்கும். அங்கிருந்து முன்கையும் மணிக்கட்டும் தானாக விரியும். இடக்கையை உடம்போடு ஒடுக்கிக்கொண்டால் உடல் வேகமாகத் திரும்பும்.

இதை உணர ஈரத் துண்டு ஒன்று போதும். நுனியைப் பிடித்து அதே அசைவில் வீசுங்கள். ‘சடக்’ என்ற சத்தம் உங்களுக்கு வலப்பக்கம், முன்காலைத் தாண்டிக் கேட்க வேண்டும். நெஞ்சுக்கு முன்னாலேயே கேட்டால் கை அவசரப்பட்டுவிட்டது.

எறிந்து முடிந்ததும் முன்கால் குதிகாலில் சுழன்று திரும்பட்டும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டால் திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போகும். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலிலும் காய்ந்த கண்மாய்த் தரையிலும் இதில் கூடுதல் கவனம் வேண்டும். கால் ஊன்றும் இடத்தை மட்டுமாவது மிதித்துச் சமன் செய்துவிட்டு எறியுங்கள்.

அணியாகப் பிரிந்து டிஸ்க்கை எறிந்து பிடிக்கும் அல்டிமேட் ஃபிரிஸ்பீ விளையாடியவன் நான். அந்தப் பழக்கம் உதவுமா?
– கே.கே. நகர் வாசகர்

உதவும். சுழற்சியும் கோணமும் உங்களுக்கு ஏற்கனவே பழக்கம். அல்டிமேட் டிஸ்க் 175 கிராம் எடை, சுமார் 27 சென்டிமீட்டர் அகலம். புட்டரும் ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் அகலம் 21 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். அதனால் மிதப்பு குறைவு. பிடிப்பவருக்காக மிதக்கவிடும் பழக்கத்தை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். மணிக்கட்டால் மட்டும் எறியாமல் தோளையும் இடுப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வியர்வையில் டிஸ்க் வழுக்குகிறது. கேரம் பவுடர் போடலாமா?
– செல்லூர் வாசகர்

கூடவே கூடாது. கேரம் பவுடர் காய் வழுக்கிப் போவதற்காகவே செய்தது. டால்கம் பவுடரும் அப்படியே. ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் பூசும் மக்னீசியம் கார்பனேட் சாக்பொடி ஈரத்தை உறிஞ்சும். அது கிடைக்காவிட்டால் இரண்டு பருத்தித் துண்டுகள் போதும், ஒன்று கைக்கு, ஒன்று டிஸ்க்குக்கு. வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் டிஸ்க்கை விட்டுவைக்காதீர்கள். பிளாஸ்டிக் இளகி வளையும். வளைந்துவிட்டால் கொதிக்காத வெந்நீரில் சில நிமிடம் போட்டு, சமமான தரையில் வைத்து ஆறவிடுங்கள்.

ஆடி மாதத்தில் புட்டரைப் பயன்படுத்தவே முடியவில்லை.
– உசிலம்பட்டி வாசகர்

அம்மியே பறக்கும் காற்று என்பார்கள், 175 கிராம் டிஸ்க் எம்மாத்திரம்! ஆனாலும் காற்று செய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. எதிர்காற்றில் டிஸ்க்கின் மேல் காற்று கூடுதல் வேகத்தில் ஓடும். அதனால் நேராகப் போகும் டிஸ்க் வலப்பக்கம் கவிழும். பின்காற்றில் இதற்கு நேர்மாறாக மிதப்பு குறைந்து சீக்கிரம் இறங்கி இடப்பக்கம் சாயும். எதிர்காற்று அடித்தால் கடைசி எண் 2 அல்லது 3 உள்ள புட்டரை எடுத்து, உடம்பிலிருந்து தள்ளியிருக்கும் வெளிவிளிம்பைச் சற்றுக் கீழே சாய்த்து, தாழ்வாக எறியுங்கள். இங்கே வேகத்தைக் கூட்டாதீர்கள். வேகம் கூடினால் கவிழ்வதும் கூடும்.

எங்கள் ஊரில் கூடை இல்லை. எதை வைத்துப் பழகுவது?
– வாடிப்பட்டி வாசகர்

கூடை இல்லாமலே தொடங்கலாம். எட் ஹெட்ரிக் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது இலக்காக இருந்தவை வெறும் கம்பங்களே. சங்கிலிக் கூடை அதற்குப் பிறகு வந்தது. பழைய சைக்கிள் டயர் ஒன்றை நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டால் நேராக எறியப் பழக அது போதும். மரத்தையே இலக்காக்க வேண்டாம், பட்டையும் கெடும், டிஸ்க்கின் விளிம்பும் நசுங்கும். சீமைக்கருவேலங் காட்டோரத்தில் எறிந்தால் தேடுவதிலேயே பொழுது போகும். ஆடு மேய்ப்பவர்களோ நடப்பவர்களோ கண்ணில் பட்டால் அவர்கள் கடக்கும்வரை காத்திருங்கள்.

புட் பழகக் கூடை வேண்டுமென்றால் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஒரு இரும்புக் குழாயைப் பெயின்ட் வாளியில் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். கூடையின் மேல்விளிம்பு தரையிலிருந்து சுமார் 82 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். மேலே ஒரு பழைய சைக்கிள் ரிம்மைப் பற்றவைத்து, அதிலிருந்து பன்னிரண்டு சங்கிலிகளையாவது தொங்கவிட்டு, கீழ்முனைகளைக் குழாயைச் சுற்றிய ஒரு வளையத்தில் சேருங்கள். சங்கிலியைத் தொய்வாக விடச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டினால் டிஸ்க்கின் வேகத்தை வாங்கிக்கொள்ளாது, நன்றாகப் போட்ட புட்டும் தெறித்து வெளியே விழும்.