செல்டிக்ஸ் கோச்சுகள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி அணியின் பழைய நட்சத்திர ஆட்டக்காரர் லாரி பேர்டைப் பற்றி! அவற்றை இன்னொரு நாளைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இதுவரை மொத்தம் எத்தனை பேர்? கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள் யார் யார்?

1946-ல் கிளப் தொடங்கியதிலிருந்து, இடைக்காலமாக உட்கார்ந்தவர்களையும் சேர்த்து, ஜோ மசூலா 19-வது ஆள். 18 கோப்பைகளை ஏழு பேர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். ரெட் அவுர்பாக் மட்டும் 9. பில் ரஸல், டாம் ஹைன்ஸன், கே.சி. ஜோன்ஸ் ஆளுக்கு 2. பில் ஃபிட்ச், டாக் ரிவர்ஸ், மசூலா ஆளுக்கு ஒன்று.

கேள்வி: அவுர்பாக்குக்கு முன்னால் யாராவது இருந்தார்களா? பேரே கேள்விப்பட்டதில்லையே.

இரண்டு பேர். முதலில் ஹனி ரஸல் (பில் ரஸலுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை), இரண்டு சீசன். அப்புறம் டாகி ஜூலியன், அவரும் இரண்டு சீசன். நான்கு வருடத்தில் ஒரு முறைகூட வெற்றி தோல்வியை மிஞ்சவில்லை. கேள்விப்படாததில் ஆச்சரியம் இல்லை.

கேள்வி: அண்ணே, பில் ரஸல் மாதிரி ஒரு ஆட்டக்காரர் கையில் இருந்தால் யார் கோச்சாக இருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்தானே? அவுர்பாக்கை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

தம்பி, அந்த ரஸலைக் கொண்டுவந்தது யார்? அதே அவுர்பாக்தான். 1956-ல் நட்சத்திர ஆட்டக்காரர் எட் மெக்காலியையும் கிளிஃப் ஹேகனையும் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு ரஸலை எடுக்கும் உரிமையை வாங்கினார். கோச், மேலாளர், திறமை தேடுகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. பக்கத்தில் உதவிப் பயிற்சியாளர்கூடக் கிடையாது. எனவே "கோச்சா, ஆட்டக்காரரா" என்று அவர் விஷயத்தில் பிரித்துப் பார்க்கவே முடியாது. 1957-ல் முதல் கோப்பை, பிறகு 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு.

ஆட்டத்திட்டம் என்று பார்த்தால் கையில் ஏழே ஏழுதான் வைத்திருந்தார். எதிரணிக்கும் அவை அத்துப்படி. தெரிந்தும் தடுக்க முடியவில்லை. கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) ரஸல் பிடித்து வீசிய மறுகணம் மற்றவர்கள் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஜெயித்தாயிற்று என்று தோன்றியதும், ஆட்டம் முடிவதற்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைப்பார். எதிரணிக்காரர்களுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவர் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். 1950-ல் உள்ளூர்க் கல்லூரியின் செல்லப்பிள்ளை பாப் கூஸியை வேண்டாம் என்று தள்ளியவரும் இவர்தான். கூஸி போய்ச் சேர்ந்த சிகாகோ அணி கலைந்து, மிச்சமிருந்த மூன்று ஆட்டக்காரர்களின் பெயரைத் தொப்பியில் போட்டுக் குலுக்கியபோது, செல்டிக்ஸ் முதலாளி வால்டர் பிரவுன் கைக்குக் கூஸியின் சீட்டு வந்தது. அதே 1950-ல் சக் கூப்பரை எடுத்தார்கள். புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர்.

கேள்வி: ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருப்பது எப்படி? ரஸல் தன்னைத் தானே வெளியே உட்கார வைத்துக்கொள்வாரா?

வைத்துக்கொள்வார், ஆனால் அபூர்வமாக. 1966-ல் அவுர்பாக் பெஞ்சை விட்டு இறங்க முடிவெடுத்ததும் தன் பழைய ஆட்டக்காரர்களைக் கேட்டுப் பார்த்தார். ரஸலை மேய்க்க நம்மால் ஆகாது என்று ஹைன்ஸன் ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் ரஸலே. என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் இப்படித்தான் வந்தார்.

முதல் வருடம் வில்ட் சேம்பர்லினின் ஃபிலடெல்பியாவிடம் தோற்றார்கள். பாஸ்டனின் தொடர் வெற்றி அங்கே அறுந்தது. மறு வருடம் ஏழு ஆட்டத் தொடரில் அதே ஃபிலடெல்பியாவிடம் 3-1 என்று பின்தங்கி, மீதி மூன்றையும் வென்றார்கள். அதற்கு முன் எந்த அணியும் அதைச் செய்ததில்லை. 1968, 1969 இரண்டிலும் கோப்பை. இரண்டாவது கோப்பையோடு ஆட்டத்தையும் கோச் வேலையையும் சேர்த்தே விட்டுவிட்டார்.

கேள்வி: ஹைன்ஸன் டிவி வர்ணனையில் நடுவர்களைத் திட்டியவர் என்றுதான் எனக்குத் தெரியும். நல்ல கோச்சா?

மிக நல்ல கோச். ரஸல் போனதும் அணியின் நடுவில் பெரிய ஓட்டை. ஹைன்ஸனின் முதல் சீசன் 34 வெற்றி, 48 தோல்வி. அடுத்த வருடம் டேவ் கவன்ஸ் வந்தார், அவரை வைத்து ஓட்ட ஆட்டத்தைத் திரும்ப நிறுத்தினார். 1972-73-ல் 68-14. இந்த கிளப்பின் மிகச் சிறந்த கணக்கு இன்றுவரை அதுதான், ஆனால் முக்கிய ஆட்டக்காரர் ஹாவ்லிசெக்கின் தோளில் அடிபட்டு நியூயார்க்கிடம் தோற்றார்கள். கோப்பை 1974-லும் 1976-லும் வந்தது. டிவி கத்தலை நான் ரசித்தவன், அது வேறு விஷயம்.

கேள்வி: கவன்ஸும் கோச்சாக இருந்தாராமே?

இருந்தார், 1978-79-ல், அதுவும் ஆடிக்கொண்டே. சாச் சாண்டர்ஸ் 2-12 என்று தடுமாறியதும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அந்த சீசன் 29-53 என்று முடிந்தது. என்.பி.ஏ.வில் ஆடிக்கொண்டே கோச்சாக இருந்த கடைசி ஆள் அவர்தான். இப்போது சம்பள உச்சவரம்பு விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

கேள்வி: ஃபிட்சா, கே.சி. ஜோன்ஸா? எங்கள் வீட்டில் இது தீராத சண்டை.

நான் கே.சி. பக்கம். ஆனால் ஃபிட்சுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். அவுர்பாக்குக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த முதல் கோச் அவர். ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் போட்டுப் பார்ப்பதால் 'கேப்டன் வீடியோ' என்ற பட்டம். வந்த வருடமே 29 வெற்றி 61 ஆனது. பேர்டும் அதே வருடம் வந்தார் என்பதை மறக்காதீர்கள். அடுத்த வருடம் அவுர்பாக் பேரம் பேசி பாரிஷையும் மெக்ஹேலையும் கொண்டுவர, 1981-ல் கோப்பை. ஆனால் ஃபிட்ச் கறாரானவர். 1983-ல் மில்வாக்கி 4-0 என்று துடைத்தெடுத்தபோது அணி களைத்துப்போயிருந்தது.

அவருக்குக் கீழே உதவியாளராக இருந்த கே.சி. அதிர்ந்து பேசாதவர். ஐந்து வருடத்தில் நான்கு முறை இறுதித் தொடர், இரண்டு கோப்பை. 1985-86-ல் 67-15, அதில் சொந்த மைதானத்தில் 40-1. அந்த வருட இறுதித் தொடரில் எதிரில் நின்ற ஹூஸ்டன் அணியின் கோச் யார் தெரியுமா? அதே ஃபிட்ச். 4-2 என்று கே.சி. ஜெயித்தார். இத்தனைக்கும் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. "பேர்ட் இருக்கிறார், இவர் என்ன செய்தார்" என்ற பேச்சுதான் காரணம். நல்ல அணியைக் கெடுக்காமல் வைத்திருப்பதும் ஒரு வேலை ஐயா.

கேள்வி: கெடுத்தவர் யார் என்று கேட்கலாமா?

பிட்டினோவைச் சொல்ல வைக்கப் பார்க்கிறீர்கள். சரி. 1996-97-ல் எம்.எல். கார் காலத்தில் 15-67. டிராஃப்டில் கல்லூரி நட்சத்திரம் டிம் டங்கன் கிடைப்பார் என்ற கனவில் ரிக் பிட்டினோ வந்தார், டிராஃப்ட் வரிசைக்கான குலுக்கலில் டங்கன் சான் அன்டோனியோவுக்குப் போனார். அதை விதி என்று விட்டுவிடலாம். ஆனால் அவுர்பாக்கிடமிருந்த தலைவர் பதவியையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். மூன்றாவதாக எடுத்த சான்சி பில்லப்ஸை 51 ஆட்டத்திலேயே விற்றார். பின்னாளில் டெட்ராய்ட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் பில்லப்ஸ்! லாரி பேர்ட் அந்தக் கதவு வழியாக வரப்போவதில்லை என்று 2000-ல் பத்திரிகையாளர்களிடம் வெடித்ததுதான் பிட்டினோவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 102-146 என்ற கணக்கோடு 2001 ஜனவரியில் கிளம்பினார். பால் பியர்ஸை எடுத்தது மட்டும் அவர் விட்டுப்போன நல்ல காரியம்.

கேள்வி: டாக் ரிவர்ஸ்?

2006-07-ல் தொடர்ச்சியாக 18 தோல்வி, மொத்தம் 24-58. அடுத்த வருடம் கெவின் கார்னெட்டும் ரே ஆலனும் வர, 66-16, கோப்பை. அதே கோச்தான்! ஆனால் பியர்ஸோடு சேர்த்து மூன்று பெரிய ஆட்டக்காரர்களைப் பந்துக்குச் சண்டை போடாமல் ஆட வைத்தது அவர் கைவேலை. 2013-ல் கிளிப்பர்ஸுக்குப் போக விட்டார்கள், அதற்கு விலையாக ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமை.

கேள்வி: பிராட் ஸ்டீவன்ஸ் கோப்பையே வாங்கவில்லை. பிறகு எதற்கு இத்தனை புகழ்?

பெஞ்சில் வாங்கவில்லைதான். 2021-ல் ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் அலுவலகப் பொறுப்புக்கு மாறி, டெரிக் ஒயிட், ஜுரூ ஹாலிடே, போர்ஸிங்கிஸ் என்று வரிசையாகக் கொண்டுவந்தாரே! அவர் கோச்சாக நியமித்த ஈமே உடோகா முதல் வருடமே இறுதித் தொடருக்குப் போனார், பிறகு கிளப் விதிகளை மீறியதாக இடைநீக்கம் ஆனார். பயிற்சி முகாமுக்குச் சில நாள் முன்னால், 34 வயது மசூலாவிடம் அணியைக் கொடுத்தார்கள். 2024-ல் டல்லாஸை 4-1 என்று வென்றபோது மசூலாவுக்கு 35. ரஸலுக்குப் பிறகு கோப்பை வென்ற இளவயது கோச் அவர்தான். எதிரணி வரிசையாகக் கூடை போட்டாலும் டைம் அவுட் கேட்காமல் நிற்பார், பார்க்கிற நமக்குத்தான் படபடப்பு.

கேள்வி: ஏழாவது ஆட்டம், ஒரே ஒரு கோச். யாரைக் கூப்பிடுவீர்கள்?

ரஸலை. 1969, லாஸ் ஏஞ்சல்ஸ். லேக்கர்ஸ் தாங்கள்தான் ஜெயிக்கப்போகிறோம் என்று கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார்கள். கடைசி நிமிடங்களில் முழங்காலைப் பிடித்தபடி வெளியே போன சேம்பர்லின் (அப்போது அவர் லேக்கர்ஸ் ஆட்டக்காரர்), திரும்ப இறங்குகிறேன் என்று கேட்டும் லேக்கர்ஸ் கோச் வான் பிரேடா கோல்ஃப் விடவில்லை. இந்தப் பக்கம் கோச்சே களத்தில் நின்றுகொண்டிருந்தார். டான் நெல்சன் போட்ட பந்து வளையத்தில் பட்டு நேராக மேலே எழும்பி, அப்படியே உள்ளே விழுந்தது. 108-106. பலூன்கள் கூரையிலேயே இருந்தன.