கேள்வி-பதில்: ராத்திரி இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள்?

மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் அம்மாவுக்கு முதியோர் இல்லம் தேடும்போது ஒரு போனோடு முடித்துவிடுகிறார்கள் என்று போன முறை போகிறபோக்கில் எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு 81 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து தனியாக நடக்க முடியவில்லை. மூன்று இல்லங்களைப் பார்த்தோம். மூன்றும் சுத்தமாகத்தான் இருக்கின்றன, கட்டணமும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வைத்து முடிவு செய்வது? (தாம்பரம்)

நீங்கள் பார்த்தது வரவேற்பறையை. நானும் அதைப் பார்த்து ஏமாந்தவன்தான். பெரியம்மாவைச் சேர்த்த இடத்தில் வாசலிலேயே பெரிய மீன்தொட்டி. மீன்களுக்கு வேளை தவறாமல் தீனி போட்டார்கள். பெரியம்மாவின் தண்ணீர் டம்ளர் மட்டும் கைக்கு எட்டாத ஜன்னல் திட்டில் இருந்தது. அதைக் கவனிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது.

சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு முறை போங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நல்ல நேரம், மேனேஜர் இருக்கமாட்டார். அங்கே இருக்கும் பெரியவர்களின் காலைப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, குதிகால் சிவந்திருக்கிறதா, உதடு காய்ந்திருக்கிறதா? கட்டிலருகே பெல் இருந்தால் கேட்டுக்கொண்டு ஒருமுறை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் மூத்திர வாடை அடித்தால் பயப்பட வேண்டாம், யாரோ இப்போதுதான் நனைத்திருப்பார். நடை முழுக்க அடித்தால் மெத்தையே ஊறியிருக்கிறது என்று அர்த்தம். நடை முழுக்க பினாயில் அடித்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

பல் இல்லாதவர்களுக்கு என்ன சாப்பாடு என்று கேட்டு, அதையே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், கடைசியாக இங்கே யார் கீழே விழுந்தார், அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். 'எங்களிடம் யாரும் விழுந்ததே இல்லை' என்று சொன்னால் கிளம்பிவிடலாம். வயதானவர்கள் இருக்கிற இடத்தில் யாராவது விழத்தான் செய்வார்கள். எழுதி வைக்கிறார்களா என்பதுதான் கேள்வி. உங்கள் அம்மா விஷயத்தில் பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், மற்ற நாட்களில் நடக்க வைப்பது யார் என்பதையும் கேட்டுவிடுங்கள். படுக்கையிலேயே வைத்திருப்பது அவர்களுக்குச் சுலபம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று சான்றிதழைக் கண்ணால் பாருங்கள்.

கூகுளில் 4.9 ஸ்டார் இருக்கிறது. நம்பலாமா? (வேளச்சேரி)

படுத்த படுக்கையாக இருப்பவர் யாரும் ரிவ்யூ எழுதுவதில்லை.

'24 மணி நேர நர்ஸ் வசதி' என்று விளம்பரத்தில் இருக்கிறது. அதற்காக மாதம் 8 ஆயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள். நியாயமான தொகையா? (கோயம்புத்தூர்)

தொகையை விடுங்கள், முதலில் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரே ஒரு நாற்காலியில் எந்நேரமும் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்க மூன்றரை பேர் தேவை. காய்ச்சல், தீபாவளி, சொந்த ஊரில் கல்யாணம் எல்லாம் சேர்த்தால் நாலு பேருக்குக் குறையாது. இரண்டு நர்ஸை வைத்துக்கொண்டு 24 மணி நேரம் என்று சொன்னால், அதில் ஒருவர் அங்கேயே தூங்குகிறார் என்று பொருள்.

இந்த விளம்பர வரியைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். ஏனென்றால் பகலில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். படுக்கைப் புண் வளர்வது ராத்திரியில். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அப்படி 12 பேர் இருக்கிறார்கள், ராத்திரிக்கு ஒரு ஆயாதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் புரட்டி, டயபர் பார்த்து, ஈரமிருந்தால் மாற்ற 10 நிமிடம். 12 பேருக்கு 120 நிமிடம். முடித்து நிமிரும்போது முதல் ஆளின் முறை மறுபடி வந்துவிடும். இதற்கிடையில் யாராவது பெல் அடித்தால்? கனமானவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டுமென்றால்? அதனால்தான் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டயபர் கட்டுவது, ஆறரைக்கே சாப்பாடு போட்டு ஏழு மணிக்கு விளக்கை அணைப்பது, தூக்க மாத்திரை என்று குறுக்குவழிகள் வருகின்றன. அந்த ஆயாவைத் திட்டாதீர்கள். நாலு பேர் வேலையை ஒருத்தியின் தலையில் கட்டியவர் வேறு.

ஆகவே போன வாரத்து டூட்டி சார்ட்டைக் கேளுங்கள். மாதிரி சார்ட் வேண்டாம், நடந்து முடிந்த வாரத்துடையது. ராத்திரி எத்தனை பேர், படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நர்ஸ் என்றால் என்ன படித்தவர் என்றும் கேளுங்கள். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் நாலு வருடம். முடித்தவர்கள் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள், பதிவெண் இருக்கும். வெள்ளைக் கோட்டு துணிக்கடையிலேயே கிடைக்கிறது. சேர்த்த பிறகும் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்து, அம்மா என்ன சாப்பிட்டார், வெளிக்குப் போனாரா என்று கேட்டுப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் அந்த 8 ஆயிரம் எதற்கு என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

நான் அமெரிக்காவில் இருக்கிறேன். அப்பாவுக்குப் பார்த்த இல்லத்தை வீடியோ காலில் சுற்றிக் காட்டினார்கள், சிசிடிவி லிங்க் தருகிறார்கள். ஆறு மாதக் கட்டணம் முன்பணமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. கட்டிவிடலாமா? (நியூஜெர்சி)

கட்டக் கூடாது. உறவிலோ பழைய நண்பர்களிலோ நேரில் போய்ப் பார்க்க ஒரு ஆள்கூட உங்களுக்குக் கிடைக்கவில்லையா? கேமரா ஹாலைக் காட்டும். குளிப்பாட்டும் இடத்தைக் காட்டாது, காட்டவும் கூடாது. மொத்தமாக எடுத்தால் விலை குறைய உங்கள் அப்பா அரிசி மூட்டை இல்லை. மாதா மாதம் கட்டுங்கள். முன்பணம் உங்கள் கையில் இருக்கிற வரைதான் அவர்கள் உங்கள் போனை எடுப்பார்கள்.

ஆச்சியை இல்லத்தில் சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது. 52 கிலோ இருந்தவர் இப்போது 47. எப்போது போனாலும் தூங்கிக்கொண்டிருக்கிறார். 'வயசானா அப்படித்தான்' என்கிறார்கள். (திருநெல்வேலி)

அப்படி இல்லை. ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் மருத்துவர்கள் உடனே கவனிப்பார்கள். உங்கள் ஆச்சி இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்துவிட்டார். நாளைக்கே போங்கள். மருந்துச் சீட்டு, மாத்திரை கொடுத்த பதிவு இரண்டையும் போட்டோ எடுத்து, சேர்க்கும்போது இருந்த சீட்டோடு ஒப்பிடுங்கள். புதிதாக ஏதாவது சேர்ந்திருந்தால் எழுதிக்கொடுத்தது எந்த டாக்டர் என்று கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். இல்லத்துக்கு வருகிற டாக்டரை விட்டு, வெளியே ஒருவரிடம் காட்டுங்கள். சோடியம் குறைந்தாலும் மூத்திரத்தில் கிருமி இருந்தாலும் இப்படித் தூங்குவார்கள். அது ரத்தப் பரிசோதனையிலும் மூத்திரப் பரிசோதனையிலும் தெரிந்துவிடும். பல்செட் தொலைந்து சாப்பிட முடியாமல் இருக்கிறாரா என்றும் பாருங்கள், இது நிறைய நடக்கிறது. வால் எலும்புப் பக்கமும் குதிகாலிலும் சிவப்பு இருக்கிறதா பாருங்கள். விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு, புண்ணின் ஆரம்பம்.

அப்பாவைச் சேர்த்த 23-ம் நாள் இறந்துவிட்டார். டெபாசிட் 2 லட்சம், மூன்று மாத முன்பணம் 90 ஆயிரம். 'திரும்பத் தரப்படாது என்று எழுதி இருக்கிறது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்' என்கிறார்கள். (சேலம்)

அப்பாவுக்காக வருந்துகிறேன். காரியம் முடிந்த கையோடு கணக்குப் பார்க்க உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்துவிடாது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் சேவை இது, நீங்கள் நுகர்வோர். 23 நாளுக்கான கட்டணத்தைக் கழித்து மீதியைக் கேட்டு, 15 நாள் கெடு வைத்து, அவர்கள் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல இடங்களில் இதற்கே இறங்கி வருவார்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், இல்லம் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம். ஏர் பெட் வாங்கிவிட்டால் புரட்டிப் போட வேண்டியதில்லையே? (விழுப்புரம்)

வேண்டும். அது உதவிக்குத்தான், ஆளுக்குப் பதிலாக இல்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று நானும் ஒன்று வாங்கினேன். மோட்டார் கிரைண்டர் மாதிரி சத்தம் போட்டு 19-ம் நாள் நின்றது. வாரண்டி கேட்டால், மோட்டாருக்கு உண்டு, பழுது ட்யூபில்தான் என்றார்கள். இப்போது அந்த மெத்தை மாடியில் வடகம் காயப் போட உதவுகிறது. சர்ஜிகல் கடையில் முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

நான் இல்லத்தில் இருப்பவன், வயது 78. இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். குளியல் வாரம் இரண்டு நாள்தான். மகனிடம் சொன்னால் இவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். (பெயரும் ஊரும் வேண்டாம்)

ஐயா, போன் உங்களுடையது. அதை வாங்கி வைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. மகனிடம் சொல்லுங்கள், போனில் வேண்டாம், நேரில் வரும்போது வெளியே தோட்டத்துக்கு அழைத்துப் போய்ச் சொல்லுங்கள். மகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை. காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள், அதனால் ஆறு மணிக்கு முன்பே பேசிவிடலாம்.

உங்கள் கடிதம் வேறொருவர் கையெழுத்தில், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதியதுபோல் இருக்கிறது. தபாலில் சேர்த்ததும் அவராகத்தான் இருக்க வேண்டும். அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.