தேக்காவைச் சுற்றிக்காட்டப் பட்டம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. பெரும்பாலும் தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் வட்டாரங்களில் வேலை. ஸ்காட்லாந்தில் சுற்றுலா, மரபுடைமை, மேம்பாடு மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். "தேக்காவைச் சுற்றிக்காட்ட ஸ்காட்லாந்துப் பட்டம் எதற்கு?" என்கிறார் அப்பா. சேமிப்பெல்லாம் கரைந்துவிடுமே என்ற பயம் எனக்கும் இருக்கிறது. போகலாமா?

வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா கேட்பது நியாயம்தான். சுற்றிக்காட்ட உங்கள் உரிமமே போதும். பட்டம் வாங்கிவந்தீர்கள் என்பதற்காக எந்தப் பயணக் குழுவும் ஒரு வெள்ளி கூடுதலாகத் தரப்போவதில்லை. வழிகாட்டித் தொழிலில் முன்னேறத்தான் இந்தப் படிப்பு என்றால் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

நல்ல துறையாக இருந்தால், அங்கே கற்றுத்தருவது சுற்றிக்காட்டும் கலையை அல்ல. ஓர் இடத்தைக் காப்பாற்றும்போது யாருக்கு லாபம், யார் மூட்டை கட்டுகிறார் என்று கணக்குப் பார்க்கக் கற்றுத்தருவார்கள். அந்தக் கணக்கு நம் ஊருக்கு அவசரமாகத் தேவை.

லிட்டில் இந்தியா 1989 இல் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதற்கான விதிகள் கடைவீட்டின் முகப்பு, கூரை ஓடு, ஜன்னல், ஐந்தடி நடைபாதை எல்லாவற்றையும் பற்றிப் பேசுகின்றன. இன்னின்ன வியாபாரம் கூடாது என்றும் சொல்கின்றன. ஆனால் வாடகை கட்டுப்படியாகாமல் ஒரு மளிகைக்காரர் கடையை மூடினால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2001 இல் நீங்கிவிட்டது. மலேசியாவின் பினாங்கிலும் இதே கதை. அங்கே வாடகைக் கட்டுப்பாடு 1999 ஆம் ஆண்டோடு முடிந்தது. அதன் தலைநகர் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது 2008 இல். உலக மரபுச் சின்னம் என்ற பெயர் வருவதற்குள் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறியிருந்தார்கள்.

பூக்கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழு அங்கே நிற்கும், படம் எடுக்கும், நகரும். மாலை வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்: வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர், கல்யாண வீட்டுக்காரர், டாக்ஸியில் சாமி படத்துக்குச் சரம் போடுகிற ஓட்டுநர். விமானத்தில் வந்த மல்லிகை சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும். மறுநாள் அதற்கு விலை இல்லை. ஆகவே அந்தக் கடை பிழைப்பதும் மூடுவதும் பக்கத்துக் கோயிலின் கூட்டத்தைப் பொறுத்தது. சுற்றுலா வளர்ச்சியைக் காட்டும் எந்த அட்டவணையிலும் இது தெரியாது. அந்தக் கடைக்கு எதிரே தினமும் நிற்கும் உங்களுக்குத் தெரியும். அதை ஆதாரத்தோடு எழுதி, திட்டமிடுகிறவர்களின் மேசையில் வைக்கத் தெரியவேண்டும். படிப்பு அதற்குத்தான்.

பாடத்தில் டீன் மெக்கனெல் வருவார். பயணிக்காகவே அரங்கேற்றப்படும் 'அசல்' பற்றி 1973 இல் எழுதியவர். ரிச்சர்ட் பட்லரும் வருவார். ஒரு சுற்றுலாத் தலம் எப்படி வளர்ந்து, தேங்கி, சரிகிறது என்று 1980 இல் வரைபடம் போட்டவர். இருவரையும் மரியாதையோடு படியுங்கள். பிறகு சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதியை அவர்கள் முன் வையுங்கள். 1827 இல் தொடங்கிய கோயில், இன்று தேசிய நினைவுச்சின்னம், சைனாடவுனின் நடுவில். சுற்றிலும் கேமராக்கள். ஆனாலும் குழியில் இறங்குகிறவர் தன் நேர்த்திக்கடனுக்காக இறங்குகிறார். அரங்கேற்றம் என்ற சொல் இங்கே எவ்வளவு தூரம் செல்லும்? ஒரு நல்ல கட்டுரைக்கு இதுவே போதும்.

ஸ்காட்லாந்து இதற்குப் பொருத்தமான இடமா? ஒரு வகையில் ஆமாம். செயின்ட் கில்டா தீவுகளை விட்டுக் கடைசி 36 பேரும் 1930 ஆகஸ்டில் வெளியேறினார்கள்; 1986 இல் அது உலக மரபுச் சின்னமானது. கல்வீடுகள் பத்திரமாக இருக்கின்றன, குடியிருக்கத்தான் ஆள் இல்லை. தேக்காவைப் பற்றி யோசிக்கும் ஒருவர் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. கட்டடக் காப்பு மட்டும்தான் உங்கள் ஆர்வம் என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலேயே அதற்கு முதுநிலைப் படிப்பு உண்டு. விமான டிக்கெட் மிச்சம்.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, அப்பா கேட்பார். அரும்பொருளகம், திட்டமிடல், ஆலோசனை நிறுவனம் என்று வாய்ப்புகள் உண்டு, ஆனால் குறைவு. கடன் வாங்கிப் போகாதீர்கள். பகுதிநேரமாகவோ தொலைதூரக் கல்வியாகவோ கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரிட்டனில் இத்தகைய படிப்புக்கு 180 மதிப்பலகுகள் (கிரெடிட்). பொதுவாக அதில் 60 ஆய்வேட்டுக்கு. அதாவது உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நூறு பக்கத்துக்குள் போகிறது. எனவே விண்ணப்பிக்கும் முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆய்வேட்டுக்கான களப்பணியைச் சிங்கப்பூரில் செய்யலாமா, யார் வழிகாட்டுவார் என்று கேளுங்கள். கடந்த சில ஆண்டு ஆய்வேடுகளின் தலைப்புகளையும் அனுப்பச் சொல்லுங்கள். எல்லாமே பயணிகளின் திருப்தியை அளக்கும் கேள்வித்தாள்களாக இருந்தால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்; வேறு பல்கலைக்கழகம் பாருங்கள்.