எழுத்து முதல் அச்சு வரை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கேள்விகள் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவை. எல்லாமே சொந்தக் காசில் நூல் போட நினைப்பவர்களுடையவை.

கேள்வி: செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். 14 சிறுகதைகள் கையில் இருக்கின்றன, மொத்தம் 30,000 சொற்கள். 1,000 படி அடித்தால் அடக்கவிலை குறையும் என்கிறார் அச்சகக்காரர். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்லும் கணக்கு சரிதான். ஆப்செட்டில் தகடு போடவும் இயந்திரத்தைத் தயார்செய்யவும் ஆகும் செலவு 300 படிக்கும் 1,000 படிக்கும் ஒன்றேதான். ஆனால் விற்காத 700 படிகள் அச்சகத்தில் இருக்கப் போவதில்லை, உங்கள் வீட்டுக்குத்தான் வரும். நம் ஊர் ஈரத்துக்குத் தரையோடு வைத்த பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும், தாள் நெளியும். முதல் நூலுக்கு 200 முதல் 300 படி போதும், அதுவும் டிஜிட்டல் அச்சில். தீர்ந்தால் இன்னொரு 100 அடித்துக்கொள்ளலாம்.

"ஒரு கதைத் தொகுப்புக்கு எவ்வளவு ஆகும்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு தாளை மனத்தில் வைத்து விலை சொல்லும், உங்களால் ஒப்பிட முடியாது. ஏ5 அளவு, இத்தனை பக்கம், உள்தாள் 80 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு), அட்டை 260 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், பசைக்கட்டு என்று எழுதிக் கொடுத்து மூன்று இடத்தில் கேளுங்கள்.

பக்கக் கணக்கு இப்படி வரும். 11 புள்ளி எழுத்தில் ஏ5 பக்கத்துக்குச் சுமார் 220 தமிழ்ச் சொற்கள் என்று வைத்தால் 30,000 சொல்லுக்கு 136 பக்கம். ஒவ்வொரு கதையும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் ஏழு பக்கம் வெற்றாகப் போகும். முகப்புப் பக்கங்கள் எட்டு. ஆக 151. ஆப்செட்டில் அடிப்பதானால் 16இன் மடங்காகப் போவதுதான் சிக்கனம், அப்படிப் பார்த்தால் 160. பலவீனமான கதை ஒன்றை எடுத்துவிட்டால் 144க்கு இறங்கும். எல்லாத் தொகுப்பிலும் அப்படி ஒரு கதை இருக்கும், எது என்பது எழுதியவருக்கும் தெரியும்.

144 பக்கம் என்றால் 72 தாள். 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். அட்டையின் கனத்தையும் சேர்த்தால் நூலின் முதுகு 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அட்டை வரைபவரிடம் வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடச் சொல்லுங்கள். ஆனால் தாள் எதுவென்று முடிவாகும் முன் அட்டையை முடிக்க வேண்டாம். தாள் மாறினால் முதுகின் அகலமும் மாறி, தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

விற்பனை விலையில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அடக்கம் 9 வெள்ளி (ரிங்கிட்), விலை 15 வெள்ளி என்று வையுங்கள். கடை 40 விழுக்காடு கழிவு கேட்டால் 6 வெள்ளி போய்விடும், உங்களுக்கு மிச்சம் பூஜ்ஜியம். அடக்கத்தைப்போல் இரண்டரை மடங்கு விலை வையுங்கள். அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள் என்று தோன்றினால், கடையை விட்டுவிட்டு நேரடியாக விற்கத் திட்டமிடுங்கள்.

கேள்வி: என் பாட்டி பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த) 1950களை நாவலாக எழுதுகிறேன். நான் தோட்டத்தில் வளரவில்லை. எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? உண்மைப் பெயர்களை வைக்கலாமா?

பதில்: முதலில் கடிகாரத்தைச் சரிபாருங்கள். பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) விடியுமுன்னே முடிந்துவிடும். இரவில் மரம் நீர் ஏறி நிற்பதால் பால்நாளங்களில் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுக்கும், அழுத்தம் இறங்கும், பால் சீக்கிரம் நின்றுவிடும். உச்சிவெயிலில் பாட்டி மரம் வெட்டுவதாக எழுதினால், தோட்டத்தில் வேலை செய்தவர் அந்த இடத்திலேயே நாவலை மூடிவிடுவார்.

அடுத்து, கையின் வேலை. முந்தைய வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்துவிட்டு, பிறகுதான் வெட்டு. வெட்டு இடப்புறம் உயரத்தில் தொடங்கி வலப்புறம் சரியும், ஏறத்தாழ 30 பாகைச் சரிவு, மரத்தின் பாதிச் சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது பரவலான முறை. சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் பட்டை வீண். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழுந்து, பட்டை புடைத்து வளர்ந்து, அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாமல் போகும். கங்காணி திட்டுவது அதற்குத்தான். சேகரித்த பால் வழியிலேயே உறையாமலிருக்க அம்மோனியா, ஸ்டோரில் (தோட்டத்தின் பால் பதப்படுத்தும் கூடத்தில்) உறையவைக்க ஃபார்மிக் அமிலம்.

மழை பெய்தால் நனைந்த பட்டையில் பால் வெட்டைவிட்டு வழிந்து மரமெங்கும் ஓடிவிடும். வேலை இல்லை, நாட்சம்பளமும் இல்லை. ஆகவே உங்கள் நாவலில் மழை அழகுக்காக வரக் கூடாது, அரிசிக் கடனோடு வர வேண்டும்.

காலத்தையும் கவனியுங்கள். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்க, பல பகுதிகளில் வாயிலில் சோதனை நடந்தது, வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடையும் இருந்தது. மரத்தடியில் சோற்றுப்பொட்டலம் பிரிக்கும் காட்சி இருந்தால், உங்கள் தோட்டத்தில் அந்த ஆண்டு அது நடந்திருக்குமா என்று விசாரியுங்கள். செம்பனையைக் காட்டலாம், தவறில்லை. இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917லேயே அது வணிகப் பயிராகிவிட்டது. (அதை நட்ட பிரெஞ்சுத் தோட்ட முதலாளி பின்னாளில் நாவல் எழுதி, 1930இல் தன் நாட்டின் பெரிய இலக்கியப் பரிசையும் வாங்கினார்.) ஆனால் கித்தாவை (ரப்பரை) அழித்துச் செம்பனை நட்டது பெருமளவில் 1960களுக்குப் பிறகுதான். ஊர்ப்பெயரும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே இருக்கட்டும், பெஸ்தாரி ஜெயா 2007இல் வந்த பெயர்.

பெரியவர்களிடம் "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான் கண்ணு" என்பதோடு முடிந்துவிடும். "காலையில எழுந்ததும் முதல்ல எதைக் கையில எடுப்பீங்க?" என்று கேளுங்கள், மற்றது தானாக வரும்.

உண்மைப் பெயர்கள் வேண்டாம். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட, ஆளை அடையாளம் தெரிந்தாலே போதும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு தோட்டம், பதவி, ஆண்டு மூன்றையும் அப்படியே விட்டால் மாற்றியும் பயனில்லை.

கேள்வி: என் கணினியில் சரியாக இருக்கும் கதை, அச்சகத்தில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. சில இடங்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. ஏன்?

பதில்: இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். முதலாவது, நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததால். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றும்போது இடையே ஆங்கில எழுத்தில் இருந்த மலாய்ச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துவைத்துக் கையால் திருத்துங்கள். இரண்டாவது, அச்சகத்தில் பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பு தேர்ந்தெடுக்கப்படாததால். அதைப் போட்டதும் கொம்பு இடத்துக்கு வந்துவிடும். அச்சுக்கு முன் பிடிஎஃப்பைத் தாளில் எடுத்து, "ஔ" என்பது "ஒள" என்று இருக்கிறதா, எழுத்தோடு சேராத குறியின் அருகே எங்காவது புள்ளிவட்டம் நிற்கிறதா என்று பாருங்கள். திரையில் பார்த்தால் கண் ஏமாற்றும்.

கேள்வி: வெளியீட்டு விழாவில் பிரமுகர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு தரும் தொகையில் அச்சுச் செலவை அடைக்கலாமா?

பதில்: உறையைப் பிரிக்கும் வரை அது பணமல்ல. மண்டபமும் சாப்பாடும் அச்சுச் செலவைத் தாண்டுவது சாதாரணம். நூலுக்கான காசு கையில் இருந்தால்தான் விழாவைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டுமா? ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்)?

பதில்: உரிமம் நாளிதழ், பருவ இதழ்களுக்குத்தான், நூலுக்கு வேண்டாம். ஆனால் 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் முதல் அல்லது கடைசித் தாளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டுவிட்டு விடுபவர்கள் நிறைய. ஐஎஸ்பிஎன்னைத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். பின்னட்டையை முடிக்கும் முன்பே விண்ணப்பியுங்கள், பட்டைக்குறியை அதில் வைக்க வேண்டும். பதிப்புரிமை எழுதி முடித்ததுமே உங்களுடையது. வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும் அது நிற்கும், பதிவு கட்டாயமில்லை. நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து படிகளை உங்கள் செலவில் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும், இது 1986ஆம் ஆண்டுச் சட்டம். 300 படி அடித்தால் விற்பனைக் கணக்கை 295இலிருந்து போடுங்கள்.