தட்டிப் பாருங்க, அப்புறம் பெயின்ட் டப்பாவ திறங்க

அன்புள்ள அண்ணா,

நீங்க போட் வேலை பத்தி எழுதுறத ரொம்ப நாளா படிச்சிட்டு வரேன், கடிதம் எழுதுறது இதுதான் முதல் தடவை. எங்க அப்பாவோட பழைய ஃபைபர் மோட்டார் போட் ஒண்ணு இருக்கு, 16 அடி, 1960கள்ல செஞ்சதுன்னு அப்பா சொல்லுவார். பின்னால அவுட்போர்டு இன்ஜின் மாட்டுற மாடல். அப்பா போனதுக்கப்புறம் 12 வருஷமா ஷெட்ல தார்ப்பாய் போட்டு மூடியே கெடந்துச்சு. போன மாசம்தான் எடுத்துப் பாத்தேன். மேல்பூச்சு எல்லாம் வெளுத்துப் போய் கையில சுண்ணாம்பு மாதிரி ஒட்டுது. பின் சீட்டுக்கு முன்னால தரை கொஞ்சம் அமுங்குது. மேல இன்னொரு ப்ளைவுட் அடிச்சு பெயின்ட் பண்ணிட்டா போதும்னு ஒரு நண்பர் சொல்றார். இன்னொருத்தர் எது பண்ணாலும் எபாக்ஸிலதான் பண்ணணும், பாலியெஸ்டர் ரெசின் தொடாதேங்குறார். எனக்கு மரவேலை ஓரளவு வரும், ஃபைபர் வேலை சுத்தமா தெரியாது. சைடுல அப்பா தன் கையால எழுதுன போட் பேர் இருக்கு, அத அழிக்க மனசு வரல. எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். வெளுத்த பூச்சப் பத்திதான் நீங்க முதல்ல எழுதியிருக்கீங்க, தரை அமுங்குறத போற போக்குல ஒரு வரியில சொல்லிட்டீங்க. எனக்கு அந்த ஒரு வரியிலதான் கண்ணு நின்னுச்சு. பூச்சு கடைசி வேலை, எப்ப வேணா பண்ணிக்கலாம். தரை அமுங்குதுன்னா உள்ள மரம் போயிடுச்சு, அது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியுற வரைக்கும் ஒரு டப்பா பெயின்ட் கூட வாங்காதீங்க.

ஃபைபர் போட்னு பேர்தான், ஆனா அந்தக் காலத்து போட்டோட பலத்துல பெரிய பங்கு மரத்தோடது. வெளிய தெரியுற ஓடு கண்ணாடி நாரும் ரெசினும், ரெசின்னா ஊத்துனதும் இறுகிக் கெட்டியாகுற பசை. அதுக்கு உள்பக்கம் முன்னால இருந்து பின்னால வரைக்கும் நீளவாக்குல கட்டைங்க ஓடும், ஸ்ட்ரிங்கர்னு சொல்லுவோம், வீட்டுக்கு உத்தரம் மாதிரி. அதுக்கு மேல ப்ளைவுட் தரை. பின்னால இன்ஜின் தொங்குற செவுரு இருக்கே, டிரான்ஸம், அதுவும் ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல வச்ச ப்ளைவுட்தான். எல்லாத்தையும் ஃபைபரால போர்த்தி மூடிடுவாங்க. ஃபைபர் மக்காது, மூடி வச்ச மரம் மக்கும். தண்ணி உள்ள போக பெரிய ஓட்டை எதுவும் தேவையில்ல, சீட்டு காலுக்குப் போட்ட ஒரு ஸ்க்ரூ, அதச் சுத்தி இருந்த சீலன்ட் காஞ்சு வெடிச்சிருந்தா அது போதும், வருஷக்கணக்குல சொட்டு சொட்டா உள்ள போகும், போன தண்ணிக்கு வெளிய வர வழி கிடையாது ஏன்னா சுத்தியும் ஃபைபர். அதனாலதான் அந்த நண்பர் சொன்ன யோசனை வேண்டாங்குறேன். மக்குன மரத்து மேல புது ப்ளைவுட் அடிச்சா ஈரத்த இன்னும் நல்லா மூடி வைக்கிறீங்க, புதுசா நாப்பது ஸ்க்ரூ ஓட்டையும் போட்டுக் குடுக்குறீங்க, ஸ்ட்ரிங்கர் போயிருந்தா அந்தப் புது தரைய தாங்குறதுக்கும் கீழ எதுவும் இருக்காது.

கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. பிளாஸ்டிக் தலை வச்ச சின்ன சுத்தியல், இல்லன்னா ஸ்க்ரூ டிரைவரோட கைப்பிடி, எடுத்துக்கிட்டு முன்னால இருந்து தட்டிக்கிட்டே பின்னால வாங்க. நல்ல இடத்துல டக் டக்னு கெட்டியா சத்தம் வரும், கெட்ட இடத்துல சத்தம் செத்துப் போய் பொத் பொத்னு கேக்கும், ஒரு அரை மணி நேரம் தட்டினா உங்க காதே பிரிச்சு சொல்லும். பென்சிலால கோடு போட்டு வச்சுக்குங்க. அப்புறம் உள்பக்கத்துலேர்ந்து மட்டும், சந்தேகமான இடத்துலயும் டிரான்ஸமோட அடிப்பகுதியிலயும் மெல்லிய பிட் வச்சு துளை போடுங்க, வெளி ஓட்டத் தொடாம. பிட்ல வர்ற தூளப் பாருங்க. வெளிர் நிறத்துல காஞ்சு உதிர்ந்தா மரம் நல்லாருக்கு. கருப்பா ஈரமா பிட்லயே சுத்திக்கிட்டு வந்தா போச்சு.

நான் முதல்ல எடுத்து செஞ்சது ஒரு 14 அடி போட். டிரான்ஸம் வெளிய பளபளன்னு இருந்துச்சு, ஒரு கீறல் இல்ல. துளை போட்டேன், வந்தது தூளே இல்ல, காபிப்பொடி நிறத்துல சேறு, மழைக்குள்ள கெடந்த இலைக்குப்பைய கிளறுனா வருமே அந்த வாசம். பிட்ட உருவுனதும் துளையிலேர்ந்து தண்ணி கோடு மாதிரி இறங்க ஆரம்பிச்சது, அடுத்த நாள் காலையில போய் பாக்குறேன், அப்பவும் சொட்டிக்கிட்டிருக்கு. தரைய அறுத்து எடுத்தா அடியில மிதப்புக்காக ஊத்துன ஃபோம். காஞ்ச ஃபோம் ஒரு பெரிய துண்ட ரெண்டு விரலால தூக்கலாம், இத ரெண்டு கையால மார்போட அணைச்சுதான் தூக்க முடிஞ்சது, அமுக்குனா பிழிஞ்ச துணி மாதிரி தண்ணி வடியுது. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, 100 லிட்டர் குடிச்சிருந்தா நூறு கிலோ ஆளு ஒருத்தர் எப்பவும் போட்ல படுத்திருக்குற மாதிரி. நம்மள மிதக்க வைக்கணும்னு வச்ச ஃபோமே அமுக்குற பாரமாயிடுது. உங்க போட்லயும் தரைக்கு அடியில ஃபோம் இருந்தா மேலாப்புல பாத்துட்டு விட்டுடாதீங்க, அடி வரைக்கும் ஒரு உருளை மாதிரி வெட்டி எடுத்துப் பாருங்க, ஈரம் கீழதான் தேங்கும்.

இதெல்லாம் பயமுறுத்த சொல்லல. செய்யத் தகுந்த போட்டுன்னுதான் நான் நினைக்கிறேன். கண்ணாடி நாரும் பாலியெஸ்டர் ரெசினும் சேத்து போட் செய்யுறத அமெரிக்காவுல ரே க்ரீன் 1942லயே செஞ்சு காட்டிட்டார், ஆனா பரவலா கடைக்கு வந்தது 1950கள்லதான், புதுப் பொருள் எவ்வளவு தாங்கும்னு யாருக்கும் அனுபவம் கிடையாது, அதனால அந்தக் காலத்துல நிறைய பேர் ஓட்ட தடிமனாவே போட்டாங்க. அந்த ஓடு உங்களுக்கு சும்மா கிடைச்சிருக்கு. வயசு உறுதியா தெரியணும்னா பின்பக்கம் வலது ஓரத்துல பொறிச்ச எண் இருக்கான்னு பாருங்க, 1972 நவம்பருக்கு அப்புறம் அமெரிக்காவுல செஞ்ச போட்டுக்கு 12 எழுத்து எண் கட்டாயம், அது இருந்துச்சுன்னா அப்பா சொன்ன காலத்துக்குப் பிந்தினது.

சரி, அறுக்குறதுக்கு முன்னால. இத தயவுசெஞ்சு அவசரப்படாம படிங்க. தரையும் ஸ்ட்ரிங்கரும் இருக்குற வரைக்கும்தான் அந்த ஓட்டுக்கு வடிவம். எடுத்துட்டா எவ்வளவு தடிமனா இருந்தாலும் அது உள்ள தாங்கல் இல்லாத ஒரு பெரிய தொட்டி, தாங்குற இடம் தப்பா இருந்தா தன் பாரத்துலயே தொய்யும், தொய்ஞ்ச நிலையில புது கட்டைய வச்சு ஃபைபர் போட்டுட்டீங்கன்னா அந்தத் தொய்வு ஆயுசுக்கும் நிரந்தரம். எனக்கு நடந்துச்சு. ட்ரெய்லர் ரோலர் மேலயே வச்சு வேலை பாத்தேன், பின்னடியில லேசா ஒரு குழிவு விழுந்துச்சு, கண்ணுக்கே தெரியல, தண்ணியில விட்டப்பதான் தெரிஞ்சது, வேகமெடுத்தா மூக்கு கீழ போய் தண்ணிய உழுதுக்கிட்டே போகும், தூக்கவே தூக்காது. மறுபடி எல்லாத்தையும் அறுத்தேன். அதனால அடியோட வளைவுக்கு ஏத்த மாதிரி பலகையில தாங்கி வெட்டி நாலஞ்சு இடத்துல குடுங்க, மட்டம் பாருங்க, முன்னுக்கும் பின்னுக்கும் நூல் கட்டி நூலுக்கும் அடிக்கும் எவ்வளவு இடைவெளின்னு ஒவ்வொரு அடிக்கும் அளந்து செவுத்துல எழுதி வைங்க. மேல் விளிம்பு விரியாம குறுக்க ரெண்டு கட்டை ஸ்க்ரூ பண்ணுங்க. ஸ்ட்ரிங்கரையும் டிரான்ஸமையும் ஒரே நேரத்துல எடுக்கவே கூடாது, ஒரு ஸ்ட்ரிங்கர் எடுத்து புதுசு வச்சு முடிச்சுட்டு அடுத்தது. பழசு எவ்வளவு மக்கியிருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க, புதுசு வெட்டுறதுக்கு அதுதான் மாதிரி.

இப்ப ரெசின் விஷயம். பாலியெஸ்டர், எபாக்ஸி ரெண்டுமே ரெசின் வகைங்கதான். உங்க ரெண்டாவது நண்பர் முக்கால்வாசி சரி. பாலியெஸ்டர் மேல கோவப்பட ஒண்ணுமில்ல, உங்க போட் அதுலதான் பிறந்து இத்தன வருஷம் நின்னிருக்கு. ஆனா தொழிற்சாலையில ஈரமா இருக்கும்போதே அடுத்த அடுக்கு போட்டாங்க, எல்லாம் ஒண்ணா இறுகுச்சு. நீங்க ஒட்டப்போறது பல வருஷம் முன்ன இறுகிப்போன மேற்பரப்புல, அங்க புது ரெசின் சொரசொரப்பப் புடிச்சுக்கிட்டுதான் நிக்கணும், அந்தப் பிடியில எபாக்ஸி பலசாலி, மரத்துலயும் அதுதான் நல்லா பிடிக்கும். மரவேலை தெரிஞ்ச, ஃபைபருக்குப் புது ஆள் நீங்க, ஸ்ட்ரிங்கருக்கும் டிரான்ஸமுக்கும் எபாக்ஸியே போங்க. எதுல போனாலும் பழைய ஃபைபர 36 இல்லன்னா 40 கிரிட் உப்புத்தாள்ல பெயின்ட் கிரீஸ் எதுவும் மிஞ்சாம தேய்ச்சு எடுக்கணும், ஒட்டுல பாதி வேலை அங்கதான். வெட்டி ஓட்டை போட்ட இடத்த அடைக்கிறதா இருந்தா ஓரத்த சரிவா தேய்ங்க, தடிமனுக்கு 12 மடங்கு, 5 மில்லிமீட்டர் தடிமன்னா 60 மில்லிமீட்டர் சரிவு.

எபாக்ஸில மூணு விஷயத்துல ஆளுங்க மாட்டிக்கிறாங்க. ஒண்ணு, பாலியெஸ்டர்ல ஹார்ட்னர், அதாவது இறுக வைக்கக் கலக்குற திரவம், ஒரு சதவீதத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும் கூட்டிக் குறைச்சு வேகத்த மாத்தலாம், அந்தப் பழக்கத்துல எபாக்ஸிலயும் கூட ஊத்துனா அது இறுகவே இறுகாது, பிசுபிசுன்னு நிக்கும், மொத்தத்தையும் சுரண்டித்தான் எடுக்கணும். டப்பாவுல போட்ட அளவுதான், தராசுல வச்சு. ரெண்டு, கலந்தத அப்படியே ஆழமான கப்புல வச்சிருந்தா தன் சூட்டுலயே கொதிக்கும். ஒரு தடவை நான் ஒரு லிட்டருக்குக் கலந்துட்டு துணி அளவு சரியில்லன்னு திரும்பி வெட்டப் போனேன், திரும்பி வர்றதுக்குள்ள கப்பு உருகி புகை வருது. கொஞ்சமா கலங்க, உடனே அகலமான தட்டுல ஊத்திடுங்க. மூணு, சாதாரண சாப்டு மேட்ல, அதாவது நறுக்குன கண்ணாடி நார ஒட்டி செஞ்ச விரிப்புல, நார ஒண்ணா புடிச்சு வைக்கிற ஒட்டு பாலியெஸ்டர்ல இருக்குற ஸ்டைரீன்ங்குற திரவத்துலதான் கரையும், எபாக்ஸி அத கரைக்காது, மேட் வளைஞ்சு குடுக்காம விறைச்சுக்கிட்டு நிக்கும். நார்கள தையல் போட்டு இணைச்ச பயாக்ஸியல் துணி வாங்குங்க. இறுகின எபாக்ஸி மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அடுத்த அடுக்குக்கு முன்ன தண்ணியும் தேய்ப்பானும் வச்சு கழுவிட்டுதான் தேய்க்கணும், கழுவாம தேய்ச்சா அத உள்ளயே இழைச்சு விடுற மாதிரி ஆயிடும்.

கட்டைய ஓட்டு மேல நேரா உக்கார வைக்காதீங்க, கெட்டியா குழைச்ச எபாக்ஸி படுக்கையில வைங்க, ரெண்டு பக்கமும் மூலைய விரலளவு வட்டமா நிரப்புங்க. துணி கூர்மையான மூலையில படியாது, அங்க காத்து நிக்கும், அந்தக் காத்துதான் நாளைக்குத் தண்ணி நிக்குற இடம்.

தூசிய சாதாரணமா எடுத்துக்காதீங்க தம்பி. துணி மாஸ்க் போதாது, தூசிக்கும் ரெசின் ஆவிக்கும் சேத்து ஃபில்டர் வச்ச ரெஸ்பிரேட்டர், முழு உடம்புக்கும் கவர் சூட், கண்ணாடி. பாலியெஸ்டர் எங்கயாவது பயன்படுத்துனா அதோட ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணுல பட்டா பார்வையே போயிடலாம், கையோரத்துல நிறைய தண்ணி இல்லாம டப்பாவ திறக்காதீங்க. எபாக்ஸி வெறுங்கையில படப் படத்தான் ஒவ்வாமை வரும், வந்துட்டா அப்புறம் அத பக்கத்துல கூட வைக்க முடியாது. வேலை முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில குளிங்க, சுடுதண்ணி ஊத்துனா நமைச்சல் அதிகமாகும்.

டிரான்ஸம் பத்தி ஒரே ஒரு வார்த்தை, அது மக்கியிருந்தா இன்ஜின மாட்டி ஒரு தடவை சுத்திப் பாக்கலாமேங்குற ஆசைய விட்டுடுங்க. இன்ஜின் போற நேரம் அது முழுசா அந்தப் பலகையிலதான் தள்ளுது. இன்ஜின் தனி வேலை, இப்போதைக்கு தண்ணி பம்ப்போட இம்பெல்லர, உள்ள சுத்துற ரப்பர் சக்கரத்த, மாத்தாம ஸ்டார்ட் பண்ணாதீங்க, அடி கியர் ஆயில வடிச்சுப் பாருங்க, பால் நிறத்துல வந்தா சீல் போய் தண்ணி ஏறியிருக்கு. பழைய பெட்ரோல் குழாய யோசிக்காம மொத்தமா மாத்துங்க, இப்பத்த பெட்ரோல்ல கலக்குற எத்தனால் அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துக்காது.

புதுசா எல்லாம் முடிஞ்சு சீட்டு, கயிறு கட்டுற க்ளீட், கைப்பிடி திரும்ப மாட்டும்போதுதான் பழைய தப்ப நாம திரும்ப செய்வோம். ஸ்க்ரூவ நேரா மரத்துல இறக்காதீங்க. ஸ்க்ரூவ விட பெரிய துளை போட்டு, கெட்டி எபாக்ஸியால நிரப்பி, இறுகினதும் அதுக்கு நடுவுல சரியான அளவு துளை போட்டு சீலன்ட்டோட மாட்டுங்க. அப்ப சீலன்ட் என்னைக்காவது விட்டாலும் தண்ணி தொடுறது எபாக்ஸியத்தான். ஒரு ஓட்டைக்கு மூணு வேலை, ரெண்டு நாள் ஆகும், சலிப்பாதான் இருக்கும், ஆனா இந்தப் போட்ட இந்த நிலைக்குக் கொண்டு வந்தது இந்த ஓட்டைங்கதான்.

அந்த சுண்ணாம்பு வெளுப்பு ஜெல்கோட், அதாவது ஓட்டோட மேல இருக்குற நிறப் பூச்சு, வெயில்ல ஆக்சிடைஸ் ஆனது. ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், பல தடவை தேய்ச்சிருந்தா அதுவும் இருக்காது. அதனால ஒரு மூலையில தேய்க்கிற காம்பவுண்டு பசை போட்டுத் தேய்ச்சுப் பாருங்க, அதுலயே நிறம் திரும்புனா உப்புத்தாள் தேவையில்ல. தேவைப்பட்டா 800 கிரிட்ல தண்ணி ஊத்தி ஆரம்பிச்சு 2000 வரைக்கும் படிப்படியா போய், அப்புறம் பாலிஷ், மெழுகு. அப்பா எழுதுன பேர்கிட்ட இது எதையும் கொண்டு போகாதீங்க. முதல்ல ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, எழுத்தோட ஓரம், பிரஷ் எங்க அழுத்தி எங்க விட்டிருக்கார்ங்குற தடம் வரைக்கும் பென்சில்ல எடுங்க, போட் விளிம்புலேர்ந்து எவ்வளவு கீழன்னும் குறிச்சு வைங்க, பகல் வெளிச்சத்துல ஸ்கேல் வச்சு நேரா ஒரு போட்டோ. பேர சுத்தி டேப் ஒட்டிட்டு மத்த இடத்த மட்டும் பாலிஷ் பண்ண முடிஞ்சா அதுதான் என் ஆசை, பேர் இருக்குற இடம் கொஞ்சம் மங்கலா நின்னா நிக்கட்டும். முடியலன்னா அந்த ட்ரேசிங் இருக்கு, அதே கோட்டுல நீங்க எழுதுங்க.

இந்த வாரம் ட்ரேசிங், தட்டிப் பாக்குறது, டிரான்ஸம் அடியில மூணு துளை, இவ்வளவுதான். மூணு துளையிலயும் வந்த தூள தனித்தனியா வெள்ளைத்தாள்ல வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க, டிரான்ஸம முழுசா எடுக்கணுமா கீழ மட்டும் வெட்டலாமாங்குறத அதப் பாத்துட்டு எழுதுறேன்.

அன்புடன்,
அண்ணன்