‘பியோம்போ’ என்ற சொல் குறித்து

வணக்கம். நீங்கள் மொழிபெயர்க்கும் மெக்சிகோச் சிறுகதையில் வரும் ‘பியோம்போ’ (பல பலகங்களை இணைத்து, மடக்கி நிறுத்தும் மறைப்பு) ஸ்பானிய வேர் கொண்டதா, அதை வெறுமனே ‘திரை’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அதன் வேர் ஜப்பானியச் சொல்லான ‘ப்யோபு’. அதற்கும் மூலம் சீனத்தின் ‘பிங்ஃபெங்’. முதல் சீன எழுத்தான ‘பிங்’ மறைப்பையும் இரண்டாவதான ‘ஃபெங்’ காற்றையும் குறிப்பதால், காற்றை மறிப்பது என்பதே சொல்லின் நேர்ப்பொருள். 1543இல் ஜப்பானை அடைந்த போர்த்துகீசியர் வழியாகவே இச்சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் சென்றது; பிலிப்பைன்ஸின் மணிலாவிலிருந்து மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்குச் சென்ற கப்பல்களில் இந்த மறைப்புகளும் அங்கே வந்து சேர, 17ஆம் நூற்றாண்டில் அங்குள்ள ஓவியர்களே பியோம்போக்களைத் தீட்டத் தொடங்கினர்.

இந்த மறைப்பின் அமைப்பையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் தமிழ்ச் சொல்லை அதுதான் தீர்மானிக்கும். தொடக்கத்தில் பலகங்களைக் கயிற்றாலோ தோல்வாராலோ பிணைத்தனர். பின்னர் ஜப்பானியர், ஒரு பலகத்தின் முன்புறத்திலிருந்து அடுத்ததன் பின்புறத்துக்கு மாறி மாறிச் செல்லும் காகிதப் பட்டைகளை ஒட்டிக் கீலாக்கினர். இதனால் பலகங்கள் இருபுறமும் மடங்கின, இடைவெளி மறைந்து ஒரே ஓவியம் எல்லாப் பலகங்களிலும் தொடர்ந்து ஓடியது. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது.

ஆகவே ‘திரை’ பொருந்தாது. அது தொங்கும் துணியைத்தான் நினைவூட்டும். ‘மடக்குத் தட்டி’ என்பதே என் பரிந்துரை. ஓவியம் கதையில் முக்கியமென்றால் முதல் இடத்தில் ‘ஓவியம் தீட்டிய மடக்குத் தட்டி’ என்று எழுதுங்கள்.