கார் டீலர் ஒருவர் எதற்காக அமெச்சூர் பந்தய அணி நடத்த வேண்டும்? லாபம் உண்டா?

பரிசுப் பணத்தில் லாபம் கிடையாது, விளம்பரத்தில் உண்டு. ஞாயிறன்று ஜெயிக்கும் காரைத் திங்களன்று விற்கலாம் என்பது அமெரிக்க டீலர்களின் பழைய கணக்கு.

பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க் ஊரில் இருந்த யெங்கோ செவ்ரலே என்ற கார் டீலர் நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். முதலாளியின் மகன் டான் யெங்கோ தானே பந்தயங்களில் செவ்ரலேயின் கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியவர். அங்கே வேலை பார்த்த டோனா மே மிம்ஸ் 1963இல் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காரில் 'எச் புரொடக்‌ஷன்' என்ற பந்தயப் பிரிவின் பட்டம் வென்றார். எஸ்சிசிஏ என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் தேசியப் பட்டம் வென்ற முதல் பெண் அவர்தான். அலுவலகத்தில் செயலாளர், வார இறுதியில் பந்தய வீராங்கனை!

அப்புறம் வந்தது ஸ்டிங்கர், அதாவது பந்தயத்துக்காக யெங்கோ மாற்றியமைத்த செவ்ரலே கோர்வேர். பின்பக்கம் எஞ்சின் உள்ள கோர்வேர் காரை ஸ்போர்ட்ஸ் காராக ஏற்க, கிளப் இரண்டு நிபந்தனை போட்டது: பின் இருக்கை இருக்கக் கூடாது, 100 கார்கள் தயாராக வேண்டும். இருக்கையைக் கழற்றுவது சுலபம். நூறு காரை ஒரு டீலர் தன் பட்டறையில் மாற்றியமைப்பதுதான் பெரிய விஷயம். 1965 முடிவதற்குள் யெங்கோ அதைச் செய்து காட்டினார். 1967இல் ஜெர்ரி தாம்சன் ஒரு ஸ்டிங்கரில் 'டி புரொடக்‌ஷன்' தேசியப் பட்டத்தையே வென்றார்.

இன்று பலருக்கும் யெங்கோ என்றால் 427 கன அங்குல எஞ்சின் போட்ட செவ்ரலே கமாரோ கார்தான். எனக்கென்னவோ ஸ்டிங்கர்தான் அதைவிடத் துணிச்சலான வேலை.